ஊர் உங்களை முதலில் பார்க்கட்டும்

விருந்தைப் பற்றித் தமிழில் சொல்லப்பட்டவற்றில் பெரும்பகுதி வீட்டுக்காரருக்குச் சொல்லப்பட்டது. திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரத்தில் உள்ள பத்துக் குறளும் வந்தவரை எப்படி வரவேற்பது, எந்த முகத்தோடு சோறிடுவது என்றே பேசுகின்றன. வந்தவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அங்கே ஒரு குறள்கூட இல்லை. நெடுங்காலம் அதனால் பெரிய குறை எதுவும் நேர்ந்திருக்காது. ஓர் ஊருக்கு விருந்தாக வந்தவர் பெரும்பாலும் அதே மாதிரியான இன்னோர் ஊரிலிருந்துதான் வந்தார். எங்கே செருப்பைக் கழற்றுவது, எந்தக் குளத்தில் கால் நனைக்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இன்று நிலைமை வேறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறக்குறைய 48 சதவீதம் பேர் நகரவாசிகள். தாத்தாவின் ஊரைத் திருவிழாப் படங்களில் மட்டும் பார்த்து வளர்ந்த தலைமுறை ஒன்று இப்போது சமணர் படுக்கை தேடியும், அய்யனார் குதிரைகளைப் படமெடுக்கவும், இயற்கை வேளாண்மையைக் கற்கவும், கல்லூரி முகாமுக்கும், குலதெய்வக் கும்பிடுக்கும் கிராமங்களுக்குள் போகிறது. ஆர்வத்தோடும் நல்ல எண்ணத்தோடும்தான் போகிறது. ஆனால் நல்ல எண்ணம் மட்டும் போதாத இடம் கிராமம்.

இந்த அத்தியாயம் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: நீங்கள் ஊரைப் பார்ப்பதற்கு முன், ஊர் உங்களைப் பார்க்கவும் விசாரிக்கவும், வேண்டுமானால் மறுக்கவும் வாய்ப்புக் கொடுங்கள். செருப்பு, சோறு, கேமரா, காசு ஆகியவை பற்றிப் பின்னால் வரும் குறிப்புகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து பிறந்தவை. இதைப் பிடித்துக்கொண்டால் பட்டியலில் இல்லாத சூழ்நிலையிலும் என்ன செய்வது என்று உங்களுக்கே தெரியும். இதை விட்டுவிட்டால், வேட்டி கட்டி, கும்பிட்டு, இலையில் சாப்பிட்டாலும் நீங்கள் அத்துமீறி வந்தவராகவே இருப்பீர்கள்.

பொதுச் சாலையும் திறந்த வாசலும்

இதற்கு எழும் முதல் மறுப்பு நியாயமானது. சாலை அரசு போட்டது. இந்தியாவுக்குள் எங்கும் தடையின்றிச் செல்லும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு தருகிறது. அப்படியிருக்க, ஓர் ஊருக்குள் நுழைய யாரிடம், எதற்காகக் கேட்க வேண்டும்? ஊர்க் கட்டுப்பாடு என்ற பெயரில் யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்று சிலர் தீர்மானித்த வரலாறு நமக்கு உண்டு. அந்த அதிகாரத்தை எவர் கையிலும் திரும்பக் கொடுத்துவிடக் கூடாது. ஆகவே சாலையில் நடக்க அனுமதி கேளுங்கள் என்று இங்கே சொல்லவில்லை. சாலை எங்கே முடிந்து இன்னொருவரின் வாழ்விடம் எங்கே தொடங்குகிறது என்பதைக் கவனிக்கச் சொல்கிறோம். கிராமத்தில் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை. சின்ன வீடுகளில் பாதி வாழ்க்கை வாசலில்தான் நடக்கிறது. அடுப்பு வாசலில், துவைகல் வாசலில், முடியாத பெரியவரின் கயிற்றுக் கட்டில் வேப்பமரத்தடியில், குளியலறை நாலு தென்னந்தட்டி மறைப்புக்குள். நகரத்தில் மூடிய கதவு நம்மைத் தடுத்துவிடுகிறது. கிராமத்தில் கதவு திறந்தே கிடப்பதால், பார்வையைத் தடுக்கும் பொறுப்பு வருகிறவரிடம் வந்துசேர்கிறது. கதவு திறந்திருப்பது காற்றுக்காக. அதை அழைப்பாக எடுத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பதுதான் வெளியூர்க்காரர்கள் செய்யும் முதல் அத்துமீறல்.

தெரியாத முகத்தைக் கண்டதும் கிராமத்தார் விசாரிப்பது சிலருக்கு எரிச்சலூட்டுகிறது. அந்த விசாரணைக்குப் பின்னால் அனுபவம் இருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் சிவன் கோயிலின் நடராசர் சிலை திருடுபோய், கடல் கடந்து, 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டது. அது இந்தியாவுக்குத் திரும்பியது 2014இல்தான். பூட்டிய பழங்கோயிலைச் சுற்றிச் சுற்றிப் படமெடுக்கும் அந்நியரிடம் ‘எதுக்குங்க போட்டோ?’ என்று ஒருவர் கேட்டால், அவர் தன் ஊரின் சொத்துக்குக் காவல் நிற்கிறார். இன்னொரு பக்கமும் உண்டு. 2018 மே மாதம், குழந்தை கடத்தல் கும்பல் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்த நேரத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பத்தைக் கூட்டம் ஒன்று தாக்கியது. மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததே சந்தேகத்துக்குக் காரணமானது என்று செய்திகள் சொல்லின. அந்தக் குடும்பத்தின் மீது எந்தத் தவறும் இல்லை. குற்றம் முழுவதும் தாக்கியவர்களுடையது. ஆனாலும் அந்நியர் ஒருவரை ஊர் எந்தக் கண்ணோடு பார்க்கிறது என்பது காலத்தையும் வதந்தியையும் பொறுத்து மாறும் என்பதை அது நமக்குச் சொல்கிறது. அறிமுகம் ஆனவர் என்ற நிலை ஊரின் அச்சத்தைக் குறைக்கிறது, உங்களுக்கும் பாதுகாப்பாகிறது. இரு தரப்புக்கும் நன்மை தரும் ஒன்றை ஏன் தவிர்க்க வேண்டும்?

முதல் அரைமணி நேரம்

ஆகவே, முடிந்தவரை ஒருவருக்குத் தெரிந்தவராகப் போங்கள். ஊர்க்காரர் ஒருவரைத் தொலைபேசியில் முன்கூட்டியே அழைத்துச் சொல்லிவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. ஆளே தெரியாத ஊர் என்றால் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர், பள்ளித் தலைமையாசிரியர், கோயில் பூசாரி ஆகியோரில் ஒருவரைத் தேடுங்கள். அதுவும் இயலாவிட்டால் வண்டியை ஊருக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தாமல், முகப்பில் உள்ள தேநீர்க் கடையில் நிறுத்தி இறங்குங்கள். அங்கே நிச்சயம் ஒரு குரல் வரும்: ‘எந்த ஊரு? யாரைப் பாக்கணும்?’ இந்தக் கேள்விக்கு ‘சும்மாதான், சுத்திப் பாக்க வந்தோம்’ என்று பதில் சொல்வது மோசமான தொடக்கம். முழுப் பதில் சொல்லுங்கள். ‘மதுரையிலேருந்து வர்றோம்ய்யா. மலையில இருக்குற சமணர் படுக்கையைப் பாக்கணும். நாலு பேரு வந்திருக்கோம், பொழுது சாயறதுக்குள்ள கிளம்பிடுவோம். யாருகிட்ட சொல்லிட்டுப் போகணும்?’ எந்த ஊர், எதற்காக, எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்ற நான்கும் இதில் வந்துவிட்டன. கடைசிக் கேள்விதான் முக்கியமானது. நீங்கள் கேட்கத் தயாராக இருக்கிறீர்கள் என்பதை அது காட்டுகிறது. பெரும்பாலும் உங்களோடு ஒரு பையனைத் துணைக்கு அனுப்பியும் வைக்கும்.

விளிப்பதிலும் கவனம் வேண்டும். அய்யா, அம்மா, அண்ணே, அக்கா என்ற நான்கும் தமிழ்நாட்டில் எங்கும் செல்லும். அப்பத்தா, ஆச்சி, அம்மாயி என்பவை வட்டாரத்துக்கும் சமூகத்துக்கும் ஏற்ப மாறுபவை. அந்த வீட்டுப் பிள்ளைகள் எப்படி அழைக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அழையுங்கள். ஐம்பது வயதுப் பெண்ணைப் பாட்டி என்று அழைப்பது அவருக்குப் பிடிக்காமல் போகலாம். நகரத்திலிருந்து வருகிறவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மாடு மேய்ப்பவரிடமோ, சட்டையில்லாமல் வரப்பு வெட்டிக்கொண்டிருப்பவரிடமோ பேசும்போது அவர்கள் வாயில் ‘நீ, வா, போ’ தானாக வந்துவிடுகிறது. காரை வீட்டுக்காரரிடம் பேசும்போது ‘நீங்க’ வருகிறது. இந்த வேறுபாட்டை ஊர் உடனே கவனிக்கும். வயதிலும் வேலையிலும் யாராக இருந்தாலும் ‘நீங்க’ என்றே தொடங்குங்கள்.

நேரமும் மரியாதையில் அடங்கும். விடிந்ததிலிருந்து பத்து மணிவரை பால் கறப்பது, தண்ணீர் பிடிப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, வேலைக்குக் கிளம்புவது என்று வீடு பரபரப்பாக இருக்கும். நடவும் அறுப்பும் நடக்கும் மாதங்களில் பகலில் ஊரில் முதியவர்கள் மட்டுமே இருப்பார்கள். உச்சி வெயில் களைத்தவர்கள் படுக்கும் நேரம். வெயில் தாழ்ந்த பிறகு, விளக்கு வைப்பதற்கு முன்னால் உள்ள நேரமே பேச்சுக்கு ஏற்றது. திருவிழாவுக்குப் போவதென்றால் காப்புக் கட்டும் நாளை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். காப்புக் கட்டிய பின் ஊர்க்காரர் வெளியூரில் இராத் தங்கக் கூடாது, அதற்குப் பின் ஊரில் தங்கியவர் விழா முடியும்வரை கிளம்பக் கூடாது என்ற வழக்கம் பல ஊர்களில் உண்டு. அது தெரியாமல் மறுநாள் காலை ரயிலுக்குச் சீட்டு எடுத்துவிட்டு வந்து நிற்பது உங்களை அழைத்த வீட்டுக்காரருக்குத்தான் சங்கடம்.

தண்ணீர், களம், காடு

கிராமத்தில் பொது இடம் எதுவும் யாருக்கும் சொந்தமில்லாத இடம் அன்று. அது எல்லாருக்கும் சொந்தமானது. ஆகையால் எல்லாரும் சேர்ந்து காக்கும் ஒழுங்கு அதற்கு இருக்கிறது. சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் ஊருணிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆறு வற்றிய, நிலத்தடி நீர் உவர்த்த வறண்ட பகுதி அது. மழைநீரைத் தேக்கிக் குடிக்கும் ஊருணி ஒன்று, குளிக்கவும் துவைக்கவும் இன்னொன்று என்று பல ஊர்களில் பிரித்து வைத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே படிக்கட்டோடும் ஆலமரத்தோடும் தெரியும். குடிக்கும் ஊருணியின் படியில் செருப்போடு இறங்கி, கால் கழுவி, முகம் கழுவி, தண்ணீரில் நின்று படம் எடுத்துக்கொண்டால், குடத்தோடு வருகிற பெண்கள் எல்லாருடைய குடிநீரிலும் காலை வைத்தவர் ஆகிறீர்கள். கரையிலேயே நின்று, ‘இது குடிக்கிற தண்ணியாம்மா?’ என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். களத்துக்கும் இதே கணக்குத்தான். நெல் அம்பாரத்தின் பக்கம் செருப்போடு போவதில்லை; சாலையில் காயப்போட்ட தானியத்தின் மேல் வண்டி ஏற்றுவதில்லை. புதிதாக அணைத்த ஈர வரப்பில் நடந்தால் அது சரிந்து, மடை திறந்து, ஒருவரின் ஒருநாள் உழைப்பு போய்விடும். பம்புசெட்டில் குளிக்க ஆசையென்றால் தோட்டக்காரரிடம் கேளுங்கள். கேட்டால் மறுப்பவர் அரிது.

ஊர் கூடி எடுத்த முடிவு எவ்வளவு வலுவானது என்பதைச் சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பார்க்கலாம். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர் அது. 1977இல் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. கண்மாய்க்கு வரும் பறவைகள் கலையக் கூடாது என்பதற்காக அந்த ஊரார் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. பட்டாசுக்கு ஏங்கும் பிள்ளைகளையே கட்டுப்படுத்தி வைத்திருக்கும் ஊருக்குள், காரின் ஒலிபெருக்கியை அலறவிட்டுக்கொண்டு நுழைகிறவர் சட்டத்தை மீறாவிட்டாலும் ஊரின் தியாகத்தை மிதிக்கிறார். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியும் அப்படிப்பட்ட ஊர். குடைவரைச் சிவன் கோயில், தமிழிக் கல்வெட்டோடு கூடிய சமணர் படுக்கை, வல்லூறுகள் கூடுகட்டும் பாறை முகடுகள் என்று எல்லாம் ஒரே மலைத்தொடரில் சேர்ந்த இடம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024இன் இறுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் அந்த வட்டாரத்தை அச்சுறுத்தியபோது, சுற்றுவட்டார மக்கள் திரண்டு போராடினார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்துசெய்தது. அந்த மலை இன்று இருப்பது அந்த மக்களால். அங்கே பாறையில் பெயர் கீறுகிறவரும், பாட்டிலை வீசுகிறவரும் அவர்கள் மீட்டெடுத்ததையே சேதப்படுத்துகிறார்கள். கோயில் காடுகளில் சுள்ளிகூடப் பொறுக்கக் கூடாது என்ற வழக்கத்தையும், நேர்த்திக்கடனாக வைத்த மண் குதிரையின் மேல் சாயவோ ஏறவோ கூடாது என்பதையும் இதே வெளிச்சத்தில் பாருங்கள். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா என்பது அங்கே கேள்வியே இல்லை. வைத்தவருக்கு அது என்னவாக இருக்கிறது என்பதுதான் கேள்வி.

சோறு

கிராமத்தார் கேட்காமலேயே கூப்பிட்டுச் சோறு போடுகிறவர்களாயிற்றே, அவர்களிடம் போய் இவ்வளவு தயங்குவது அவர்களின் அன்பை அவமதிப்பதாகாதா என்று சிலர் கேட்கலாம். ஒரு பகுதி உண்மைதான். சொம்பில் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். பையிலிருந்து பாட்டிலை எடுத்து, ‘நாங்க இதத்தான் குடிப்போம்’ என்று காட்டுவது அந்த வீட்டையே சுத்தமில்லாதது என்று சொல்வதாகும். உடல்நலக் காரணம் இருந்தால் காய்ச்சிய டீயோ காப்பியோ கேளுங்கள். கொடுத்தவர் மகிழ்வார், நீங்களும் பாதுகாப்பாக இருப்பீர்கள். ஆனால் அன்பு எவ்வளவு தாராளமாக இருக்கிறதோ, அவ்வளவு கவனமாக அதைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதே சரியான முடிவு. ‘சாப்பிட்டுத்தான் போகணும்’ என்று வாசலில் சொல்கிறவர் பெரும்பாலும் ஆண். சமைக்கிறவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்த பெண். அடித்துக் குழம்பு வைக்கிற நாட்டுக்கோழி, விற்றால் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தந்திருக்கும். பெண்கள் கடைசியில் சாப்பிடும் வழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. பானையின் அடிச்சோறு அவர்களுடையது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மறுசோறு கேளுங்கள்.

இதற்காக மறுத்துவிட வேண்டியதில்லை. சுமையைக் குறைத்து அன்பை ஏற்க வழி உண்டு. போகும் நாளும் ஆள் கணக்கும் முன்பே தெரிவித்துவிடுங்கள். கறி வேண்டாம், வீட்டில் வைப்பதே போதும் என்று முதலிலேயே சொல்லுங்கள். உலை வைத்த பிறகு சொன்னால் பயனில்லை. வெறுங்கையோடு போகாதீர்கள்: பழம், வெற்றிலை பாக்கு, பூ, பிள்ளைகளுக்கு ஏதாவது தின்பண்டம். தின்பண்டத்தை வீட்டுப் பெரியவர் கையில் கொடுங்கள்; பிள்ளைகளுக்கு அவர் பிரித்துக் கொடுக்கட்டும். பழைய துணிகளைக் கேட்காமல் மூட்டை கட்டிக் கொண்டுபோக வேண்டாம். அது விருந்தாளியைக் கொடையாளியாக்கி, வீட்டுக்காரரைக் கையேந்துபவராக்கிவிடும். இலையில் தேவையானதை மட்டும் வாங்கி மிச்சமில்லாமல் சாப்பிடுங்கள். பத்துப் பேர், இருபது பேர் கொண்ட குழுவாகப் போகிறீர்கள் என்றால் அது விருந்து அன்று, வேலை. மகளிர் சுயஉதவிக் குழுவிடமோ சமையல் தெரிந்த ஒரு குடும்பத்திடமோ விலை பேசி, முன்பணம் கொடுத்து, முழுக் கூலியும் தந்து சமைக்கச் சொல்லுங்கள். அன்புக்கு விலை பேசுவது தவறு. உழைப்புக்கு விலை பேசாமல் இருப்பது அதைவிடத் தவறு.

கேமராவும் காசும்

படம் எடுப்பதைப் பற்றிப் பேசும்போது ஒரு வலுவான எதிர்வாதம் முன்வைக்கப்படுகிறது. கிராமத்தார் இப்போது தாங்களே கேமரா பிடிக்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தைச் சேர்ந்த ஒரு தாத்தாவும் பேரன்களும் நடத்தும் வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டியது. இனி கிராமத்தைப் படமெடுக்கக் கூச்சம் எதற்கு என்கிறார்கள். அந்தச் சேனலின் வெற்றி உண்மையில் நம் பக்கத்துக்கே சான்று. அங்கே எதைக் காட்டுவது, எதை மறைப்பது, வரும் பணத்தை என்ன செய்வது எல்லாவற்றையும் காட்டப்படுகிறவர்களே தீர்மானிக்கிறார்கள். வெளியூர்க்காரர் எடுக்கும் படத்தில் அந்தத் தீர்மானம் அவர்களிடம் இல்லை. குளித்துவிட்டு ஈரப்புடவையோடு வரும் பெண், மூக்கொழுகும் பிள்ளை, சாமியாடுகிறவர், ஒப்பாரி வைக்கிறவர் ஆகியோர் நாளை இணையத்தில் தங்கள் முகத்தைப் பார்த்து என்ன நினைப்பார்கள் என்று யோசித்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். முதலில் பேசுங்கள், பிறகு கேளுங்கள், பிறகு எடுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் கண்ணெதிரே அழியுங்கள். சிறுவர்களுக்குப் பெற்றோரைக் கேளுங்கள். கருவறை, சாமியாட்டம், சாவு வீடு ஆகிய மூன்றிலும் அவர்களாகச் சொன்னால் ஒழியக் கேமராவை எடுக்க வேண்டாம்.

படத்துக்கு உடனே காசு கொடுப்பது தீர்வாகத் தோன்றும். தெருவில் போகிற பெரியவரை நிறுத்தி, மீசையை முறுக்கச் சொல்லி, கையில் நூறு ரூபாயைத் திணித்தால், அடுத்து வருகிறவரைக் கண்டதும் பிள்ளைகள் ஓடிவந்து கைநீட்டும் ஊராக அது மாறத் தொடங்குகிறது. வேலையை நிறுத்தி உங்களுக்காக நேரம் ஒதுக்கியவருக்குக் கூலி தருவது வேறு. வழிகாட்டி வந்தவருக்கு, கதை சொன்ன கலைஞருக்கு, பானை வனைந்து காட்டிய வேளாருக்கு அவருடைய ஒருநாள் கூலிக்குக் குறையாமல் கொடுங்கள். அவர் செய்த பொருளைப் பேரம் பேசாமல் வாங்குங்கள். ஊருக்குச் செய்ய விரும்பினால் கோயில் அன்னதானத்துக்கோ பள்ளிக்கோ ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். வீட்டில் பரணில் கிடக்கும் பித்தளை அண்டாவையும் பழைய மரப்பெட்டியையும் ‘சும்மாதானே கிடக்கு, குடுங்களேன்’ என்று கேட்காதீர்கள். விருந்தாளி கேட்டால் மறுக்க முடியாத வீடுகள் உண்டு.

எந்த வழக்கத்துக்கு மரியாதை?

இதுவரை சொன்னதற்கெல்லாம் மேலான மறுப்பு ஒன்று இருக்கிறது. ஊர் என்பது ஒரே குரல் கொண்டதா? ஊர் வழக்கத்துக்கு மரியாதை கொடுங்கள் என்று சொல்லும்போது சாதி வழக்கத்துக்கும் தலைகுனியச் சொல்கிறோமா? இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு எழுதப்படும் எந்தக் கிராம வழிகாட்டியும் பாதி உண்மையே பேசும். பல ஊர்களில் ஊர் என்பது ஒரு பக்கம், காலனி என்பது இன்னொரு பக்கம். ஊரார் என்று உங்களிடம் தங்களை அறிமுகப்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் முதல் பக்கத்தார். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது வெளியே வந்தது. விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சியரிடம், கோயிலுக்குள் விடுவதில்லை என்பதையும் தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்திருப்பதையும் மக்கள் சொன்னார்கள். ஆட்சியரே அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். கடைக்காரர் மீது வழக்குப் பதிவானது. வெளியூர்க்காரர் ஒருவர் அதற்கு முன்பு அந்தக் கடையில் தேநீர் குடித்திருந்தால் அவருக்கு ஒரு குவளைதான் தெரிந்திருக்கும். அன்பான ஊர் என்று எழுதிவிட்டும் போயிருப்பார்.

இங்கே நமக்கு ஓர் உரைகல் வேண்டும். செருப்பையே எடுத்துக்கொள்ளலாம். கொடைக்கானல் மலையிலுள்ள வெள்ளகவியில் ஊருக்குள் செருப்பணியும் வழக்கமில்லை. ஊரையே கோயில் போலக் கருதி எல்லாரும் வெறுங்காலோடு நடக்கிறார்கள். மலையேறப் போகிறவர்களும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கம் ராஜாவூரிலும் ஒரு செருப்பு வழக்கம் இருந்தது. அங்கே ஒரு தெருவில் தலித் மக்கள் மட்டும் செருப்பணிந்து நடக்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள். 2023 டிசம்பரில்தான் சுமார் 60 பேர் ஒன்றாகச் செருப்பணிந்து அந்தத் தெருவில் நடந்து அதை முறித்தார்கள். முதல் வழக்கம் எல்லாரையும் கட்டுப்படுத்துகிறது, விருந்தாளியையும் சேர்த்து. இரண்டாவது சிலரைத் தாழ்த்துவதற்காகவே இருந்தது. முதலாவதற்குப் பணிவது மரியாதை. இரண்டாவதற்குப் பணிவது குற்றத்துக்குத் துணைபோவது. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது, 1955, 1989 ஆண்டுகளின் சட்டங்கள் அதைத் தண்டனைக்குரியதாக்கின. எந்த வழக்கத்தைக் கண்டாலும், ‘இது எல்லாருக்குமா, சிலருக்கு மட்டுமா?’ என்று மனதுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.

விடை தெரிந்தபின் விருந்தாளி என்ன செய்ய முடியும்? அங்கேயே நின்று சண்டை போட்டுவிட்டு மாலைப் பேருந்தில் ஏறிவிடுவது எளிது. அதன் விளைவு காலனிக்காரர் தலையில் விழும். ஆகவே பாதிக்கப்பட்டவர்களின் பேச்சைக் கேட்டு, அவர்கள் விரும்பினால், அவர்கள் சொல்லும் வழியில் துணை நில்லுங்கள். உங்கள் கையில் முழுமையாக இருப்பவற்றை யாரையும் கேட்காமலே செய்யலாம். காலனிக்கும் போங்கள், அங்கே தண்ணீர் வாங்கிக் குடியுங்கள், அவர்கள் கோயிலையும் பாருங்கள், ஊரைப் பற்றி எழுதினால் அவர்கள் சொன்னதையும் எழுதுங்கள். ‘அந்தப் பக்கமெல்லாம் எதுக்கு?’ என்றால், ‘எல்லாரையும் பாத்துட்டுப் போறோம்ய்யா’ என்ற பதில் போதும். ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று உங்களிடமே கேட்பார்கள். பதில் சொல்லக் கடமை எதுவும் இல்லை. உங்கள் ஊரையும் வேலையையும் திரும்பச் சொல்லி, அதற்குமேல் பேசுவதில்லை என்று அமைதியாக முடித்துவிடலாம். பெண்கள் எல்லைக்கு அப்பால் வரக் கூடாது என்னும் காவல் தெய்வக் கோயில்களும் உண்டு. உரைகல்லில் வைத்தால் அதுவும் சிலருக்கு மட்டுமான வழக்கம்தான். அதை முறிப்பதா, எப்போது, எப்படி என்று முடிவெடுக்கும் முதல் உரிமை அந்த ஊர்ப் பெண்களுடையது. அவர்கள் நிற்கும் இடத்தில் நில்லுங்கள். அவர்கள் முன்னே நடந்தால் கூட நடங்கள்.

சொந்த ஊர் என்றால்?

‘இது என் பூர்விக ஊர், நான் விருந்தாளி இல்லை’ என்பவர்கள் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவர்கள். வருடத்துக்கு ஒருமுறை குலதெய்வம் கும்பிட வருகிறவருக்கு ஊரின் மேல் பாசம் இருக்கிறது. அன்றாடச் சுமை இல்லை. அங்கேயே இருப்பவர்கள்தான் கோயிலைக் கூட்டுகிறார்கள், விளக்குப் போடுகிறார்கள். பெருந்தொகை கொடுத்து ஓட்டுக் கூரையை இடித்துப் பளிங்கு பதிக்கச் சொல்லும்போது, அது அவர்கள் விருப்பமா என்று கூடிப் பேசுங்கள். பரிவட்டமும் முதல் மரியாதையும் பல ஊர்களில் தலைமுறைத் தகராறாக நீதிமன்றம்வரை போனவை. வெளியிலிருந்து வந்த பெரிய மனிதர் என்று உங்களுக்குக் கட்ட வந்தால், ‘ஊர்க்காரங்களுக்குச் செய்ங்க’ என்று கும்பிட்டு விலகுவதே நல்லது. ஏற்றுக்கொண்ட மறுநிமிடம் நீங்கள் ஒரு பக்கத்தைச் சேர்ந்தவராகிவிடுவீர்கள்.

கிளம்பும்போது

போகும்போது, முதலில் யாரிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்தீர்களோ அவரிடம் சொல்லிக்கொண்டு கிளம்புங்கள். ‘போயிட்டு வர்றோம்’ என்று சொல்லுங்கள். சாவு வீட்டில் மட்டும் சொல்லாமல் எழுந்து வாருங்கள். கொண்டுவந்த பிளாஸ்டிக் முழுவதையும் திரும்ப எடுத்துச் செல்லுங்கள்; வேலியோரம் வீசிய பை அந்த ஊர் மாட்டின் வயிற்றுக்குள்தான் போகும். அனுப்புகிறேன் என்று சொன்ன படத்தைத் தாளில் அச்சிட்டு அனுப்பி வையுங்கள்; வாக்குக் கொடுத்துவிட்டு மறப்பது அடுத்து வருகிறவருக்கான கதவையும் சேர்த்து அடைக்கிறது. அந்த ஊரைப் பற்றி எழுதினாலும் பதிவிட்டாலும், வழியையும் வரைபடத்தையும் போடலாமா என்று முதலில் ஊரைக் கேளுங்கள். ஒரு காணொளியால் வாரக் கடைசியில் நூறு வண்டி வந்து நின்றால் அதைத் தாங்கப்போவது அவர்கள்.

இவ்வளவையும் கடைப்பிடிக்க வேண்டுமென்றால் கிராமத்துக்கே போகாமல் இருந்துவிடலாமே என்று ஒருவருக்குத் தோன்றலாம். அப்படி விலகுவது இழப்பு, இரு பக்கத்துக்கும். நகரத்தில் வளர்ந்த பிள்ளை தான் உண்ணும் சோறு விளையும் நிலத்தை நேரில் காண வேண்டும். தன் பேச்சைக் கேட்க வெளியிலிருந்து ஒருவர் வருவதைக் கிராமமும் விரும்புகிறது. கேட்டுவிட்டுச் செய்வதற்குப் பெரிய முயற்சி எதுவும் தேவையில்லை, கொஞ்சம் நேரம் போதும். உங்கள் பயணம் சரியாக அமைந்ததா என்று தெரிந்துகொள்ள, உங்களை வரவேற்ற பெரிய வீட்டாரின் திருப்தியை மட்டும் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சமைத்த பெண்ணும், வழிகாட்டிய பையனும், காலனியில் தண்ணீர் கொடுத்தவரும் நீங்கள் மறுபடி வருவதை விரும்புவார்களா என்று எண்ணிப் பாருங்கள். அவர்களும் விரும்புவார்கள் என்றால்தான் நீங்கள் அந்த ஊருக்கே விருந்தாளியாக இருந்திருக்கிறீர்கள்.